சண்டைக்கு ஒரு வருஷம்

காமயகவுண்டன்பட்டியில் பவுனிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் கிடையாது. குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் வரிசை தானாக ஒழுங்காகும். ரேஷன் கடைக்காரர் அவள் தலையைக் கண்டதும் தராசுத் தட்டைத் துடைத்து வைப்பார். புருஷன் கர்ணனுக்குத் திராட்சைத் தோட்டத்தில் வேலை. பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் அவன் பவுனிடம் ஒரு வாக்கியத்தைக்கூட முழுசாகச் சொல்லி முடித்ததில்லை என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். அவன் அதை மறுத்ததும் இல்லை. மறுப்பதற்கும் ஒரு முழு வாக்கியம் வேண்டுமே.

அப்பேர்ப்பட்ட பவுனு, காலையில் ஜீப்பில் ஏறிக் கம்பமெட்டு செக்போஸ்ட்டைத் தாண்டியதும் பெட்டிப்பாம்பாகிவிடுவாள். அந்தப் பக்கம் கேரளம். ஜீப் இன்னும் அரை மணி நேரம் குலுங்கிப் போய் நிற்கிற இடம் ஒரு ஏலத்தோட்டம். பள்ளத்தாக்கிலிருந்து தினம் பன்னிரண்டு பெண்கள் அங்கே வேலைக்குப் போய்த் திரும்புகிறார்கள். தோட்டத்தின் முதலாளி வேலுச்சாமி கம்பத்துக்காரர்தான், ஆனால் மாதத்துக்கு ஒரு தடவை வந்தால் அதிகம். தினமும் மேய்க்கிறவர் சூப்பர்வைசர் ஓமனா சேச்சி, கோட்டயம் பக்கத்துக்காரர். ஐம்பத்தைந்து வயது, கையில் குடை, வாயில் மலையாளம். ஏலச்செடி ஆளை மறைத்தாலும் குரலை மறைக்காது. அந்தக் குரல் தன் பக்கம் திரும்பும்போதெல்லாம் பவுனு ஒரு அசட்டுச் சிரிப்பு சிரித்து, "ஆ, சேச்சி" என்பாள். பதினோரு வருஷமாக அந்த இரண்டு வார்த்தைதான்.

இதில் அவளுக்கு இருந்த வயிற்றெரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை. திட்டு வாங்குவதில் அவளுக்கு வருத்தம் கிடையாது. பதில் கொடுக்க முடியவில்லையே என்பதுதான் வருத்தம். சாயங்காலம் ஜீப் மலையிறங்கும்போது, அன்றைக்குச் சேச்சிக்குக் கொடுத்திருக்க வேண்டிய பதில்களையெல்லாம் தமிழில் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருவாள். மற்ற பெண்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அதனால் என்ன பிரயோஜனம்? கேட்க வேண்டியவர் மலைமேல் இருந்தார்.

பொங்கல் லீவு முடிந்து வேலைக்குப் போன முதல் நாள், தேவயானி ஜீப்பில் ஒரு அறிவிப்பு செய்தாள். அந்த வண்டியில் பன்னிரண்டாவது வரை படித்தவள் அவள் ஒருத்திதான். கையில் போன், போனில் மொழி கற்றுத்தரும் ஏதோ ஒரு ஆப்.

"யக்கா, எல்லாரும் கேளுங்க. வருசம் முழுக்க ஒரு பாசை படிக்கிற போட்டி இது. ஒரு நாளைக்கு மூணு மணி நேரம் இந்த ஜீப்புல சும்மாதான குலுங்குறோம்? மலையாளம் படிப்போம்."

"மலையாளம்தான? அது தெரியுமே" என்றார்கள் பதினோரு பேரும் ஒரே குரலில்.

கம்பம் பள்ளத்தாக்கில் யாரைக் கேட்டாலும் இப்படித்தான் சொல்வார்கள். எல்லையில் பிறந்துவிட்டால் மலையாளம் தாய்ப்பாலிலேயே கலந்து வந்துவிடும் என்கிற நினைப்பு. தேவயானி லேசில் விடவில்லை. ஆளுக்குத் தெரிந்த வார்த்தைகளைச் சொல்லச் சொல்லி, ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள். ஜீப் செக்போஸ்ட்டுக்கு வந்தபோது, பதினோரு பேருக்கும் சேர்த்து நாற்பத்தொரு வார்த்தை தேறியிருந்தது. அதில் ஒன்பது சாப்பாட்டுச் சாமான். டிரைவர் இம்மானுவேல் தன் பங்குக்கு ஆறு வார்த்தை சொன்னார். அத்தனையும் கெட்ட வார்த்தை என்பதால் தேவயானி எழுதிக்கொள்ளவில்லை.

"சரி, படிப்போம்" என்றாள் மொக்கம்மாள். அந்தக் கூட்டத்தில் வயதில் மூத்தவள். "எங்கனயிருந்து ஆரம்பிக்கிறது?"

"முதல்ல இலக்கு வைக்கணுமாம்க்கா. வருசக் கடைசியில எனக்கு இது தெரிஞ்சிருக்கணும்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்லணும். இல்லன்னா பாதியில விட்ருவோமாம்."

மொக்கம்மாளின் இலக்கு சின்னது. டீக்கடையில் சாம்பார் ஊற்றுகிற ஆளிடம் போதும் என்று சொல்லத் தெரிந்தால் போதும். அது அன்றைக்கே முடிந்துபோனது. 'மதி' என்று தேவயானி சொல்லிக்கொடுத்தாள். மொக்கம்மாள் வருஷப் படிப்பை ஒரே நாளில் முடித்துவிட்டு, வண்டியின் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்க ஆரம்பித்தாள். தேவயானிக்குத் தன் இலக்கு தயாராக இருந்தது. பக்கத்தில் யாரும் கதை சொல்லாமல் ஒரு மலையாளப் படத்தை முழுசாகப் பார்க்க வேண்டும். பிறகு பவுனின் முறை வந்தது.

"ஓமனா சேச்சி கூடச் சண்டை போடணும்" என்றாள் பவுனு.

ஜீப்பே குலுங்கிச் சிரித்தது. தேவயானி மட்டும் சிரிக்காமல் நோட்டைப் புரட்டினாள். "இலக்குன்னா அளவு இருக்கணும்க்கா. சண்டைன்னா எம்புட்டு நேரம்?"

"பத்து நிமிசம்."

"எதப் பத்தி?"

"அது அன்னைக்குக் கெடைக்கும். ஆனா ஒண்ணு எழுதிக்க. நடுவுல தமிழ் வரக்கூடாது, நான் அழக்கூடாது, அவக சொல்றதுக்கெல்லாம் 'ஆ சேச்சி'ன்னு நான் சொல்லக்கூடாது."

தேவயானி அப்படியே எழுதினாள். வருஷத்தைப் பங்கு பிரித்தும் கொடுத்தாள். சித்திரைக்குள் திட்டு புரிய வேண்டும். ஆடிக்குள் டீக்கடையிலாவது ஒரு கேள்வி கேட்க வேண்டும். ஐப்பசிக்குள் தன் பக்க நியாயத்தை நாலு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். மார்கழிக்குள் சண்டை. ஒரு கல்யாணத்துக்குத் தேதி குறிப்பதுபோல அவ்வளவு பக்குவமாகச் செய்தாள்.

பவுனு படித்தாள். அவள் படிப்பாள் என்று யாரும் நினைக்கவில்லை. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். காலையில் ஜீப்பில் ஐந்து வார்த்தை, சாயங்காலம் ஐந்து வார்த்தை. டீக்கடையில் மற்றவர்கள் வடையைப் பார்த்துக்கொண்டிருக்க, இவள் பக்கத்துப் பெஞ்சில் பேசுகிறவர்களின் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வீட்டில் கர்ணனை உட்காரவைத்து மலையாளத்தில் திட்டிப் பழகினாள். அவன் தமிழில் வாங்கிக்கொண்ட அதே முகத்தோடு அதையும் வாங்கிக்கொண்டு, நடுநடுவே தலையாட்டினான். பழகுவதற்கு அவனைவிடத் தோதான ஆள் கிடைக்காது.

பங்குனிக் கடைசியில் ஒரு நாள். ஏலச்செடியின் காய்ந்த தாள்களை உரித்துச் சுத்தம் செய்கிற வேலை. பவுனு ஒரு தூரடியில் குனிந்து நிதானமாகச் செய்துகொண்டிருந்தாள். பின்னால் வந்து நின்ற ஓமனா சேச்சி வழக்கம்போலக் குரலை எடுத்தார். பவுனு வழக்கம்போலச் சிரிக்க வாயைத் திறந்தவள், அப்படியே நின்றுவிட்டாள். ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. சேச்சி கேட்டது இதுதான்: "நீ செடியைச் சுத்தம் பண்ணுகிறாயா, இல்லை அதுக்குத் தலை பின்னி விடுகிறாயா?"

பவுனுக்குக் கோபம் வரவில்லை. அட, என்று தோன்றியது. திட்டென்றால் இதுவல்லவா திட்டு! கெட்ட வார்த்தை ஒன்று கிடையாது, ஆனால் ஆள் கூசிப்போக வேண்டும். இந்தத் தொழிலில் கைதேர்ந்தவள் அவள். நல்ல சரக்கைக் கண்டால் தெரியாதா? பதினோரு வருஷமாக இப்பேர்ப்பட்டதையெல்லாம் காதில் வாங்கி, காட்டில் கொட்டிவிட்டு வந்திருக்கிறோமே என்று அவளுக்கு மனசே ஆறவில்லை.

அதற்குப் பிறகு அவள் திட்டு வாங்குவதற்கென்றே வேலைக்குப் போனாள் என்றுகூடச் சொல்லலாம். ஆடியில் மழையோடு காய் எடுப்பு தொடங்கியது. செடியின் அடியில் தரையோடு படர்ந்து கிடக்கிற சரங்களில் முற்றிய காயை மட்டும் பார்த்து எடுக்க வேண்டும். பிஞ்சைத் தொட்டால் குற்றம், முற்றியதை விட்டால் அதைவிடக் குற்றம். இந்த வேகத்தில் போனால் காய்க்கு அலுத்துப்போய் அதுவே இறங்கிக் காய் உலர்த்துகிற ஸ்டோருக்கு நடந்துவிடும் என்றார் சேச்சி ஒரு நாள். பவுனு அதைச் சாயங்காலம் ஜீப்பில் தமிழில் சொல்லிக் காட்டினாள். பெண்கள் கைதட்டினார்கள். சேச்சி இவ்வளவு நாளும் இப்படியா பேசிக்கொண்டிருந்தார் என்று எல்லோருக்கும் ஆச்சரியம்.

ஆனால் அந்த ஆடியிலேயே இன்னொன்றும் காதில் விழுந்தது. மழைக்கு ஸ்டோர் வாசலில் ஒதுங்கியிருந்தபோது, அங்கே வேலைக்குப் புதிதாக வந்த ஒரு மலையாளப் பெண்ணிடம் ஓமனா சேச்சி இவர்களை ஒவ்வொருத்தராகக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். இவள் சோம்பேறி, அவள் கெட்டிக்காரி என்று சொல்லி வந்தவர், பவுனைக் காட்டியபோது குரலைத் தாழ்த்திக்கொண்டார். அது பாவம், நல்ல பெண், வாயே கிடையாது. புருஷன் வீட்டில் எப்படி வைத்திருக்கிறானோ என்றார்.

பவுனுக்குச் சுருக்கென்றது. சோம்பேறி என்றிருந்தால் பொறுத்திருப்பாள். திமிர் பிடித்தவள் என்றிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். வாயில்லாப் பூச்சியாம்! அதுவும் கர்ணன் அவளைக் கொடுமைப்படுத்துகிறானாம்! இந்த மலைமேல் பதினோரு வருஷமாக வேறு யாரோ ஒருத்தி தன் சேலையைக் கட்டிக்கொண்டு, தன் பேரில் அசட்டுச் சிரிப்பு சிரித்துக்கொண்டு நடமாடியிருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. சாயங்காலம் ஜீப்பில் அவள் பேசவே இல்லை. ஏத்தா, காய்ச்சலா என்று மொக்கம்மாள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

இனிமேல் அந்தச் சண்டை விளையாட்டில்லை. சாவதற்குள் அல்ல, இந்த மார்கழிக்குள் ஓமனா சேச்சிக்குப் பவுனு யாரென்று தெரிந்தாக வேண்டும். அவள் ஒற்றைக்காலில் நின்றாள். ஐப்பசியில், நாலு வாக்கியத்துக்குப் பதில் பதினான்கு வாக்கியம் கையில் இருந்தது. எல்லாம் பேசிப் பார்த்து, கர்ணன் தலையாட்டி, தேவயானி திருத்தி, பக்குவமாக இருந்தன. சேச்சி எந்தப் பக்கம் வந்தாலும் மடக்குவதற்கு ஒன்று உண்டு. ஆனாலும் தினம் ஒரு சாக்கில் தள்ளிப்போயிற்று. ஒரு நாள் சேச்சிக்குத் தொண்டை கட்டியிருந்தது, அது நியாயமான சண்டையாக இருக்காது. ஒரு நாள் பவுனுக்கே பயமாக இருந்தது.

கார்த்திகையில் ஒரு வாரத்துக்கு மேல் தோட்டத்துக்கு ஜீப்பே போகவில்லை. முதலாளி வேலுச்சாமியின் பேரனுக்குக் காதுகுத்து. பத்திரிகை வைக்க, சாமான் ஏற்ற, சொந்தக்காரர்களைக் கூட்டிவர என்று இம்மானுவேல் கம்பத்தையே சுற்றிக்கொண்டிருந்தார். ஜீப்பை மட்டுமா எடுத்தார்கள்? முதலாளி வீட்டு விசேஷம் என்றால் தோட்டத்து ஆட்கள் வந்து ஒத்தாசை செய்வது அங்கே வழக்கம். பன்னிரண்டு பெண்களும் அரிசி புடைத்து, வெங்காயம் உரித்து, கெடா விருந்துக்குப் பந்தி பரிமாறி, எட்டாம் நாள்தான் கை கழுவினார்கள்.

மறுபடி தோட்டத்துக்குப் போன அன்றைக்கே முதலாளியும் காரில் வந்து இறங்கினார். சரத்திலேயே காய் பழுத்து வெடித்துக் கிடந்ததைப் பார்த்தார். வழக்கமாக முதலாளிக்கும் சேச்சிக்கும் நடுவில் நின்று இரண்டு பாஷையிலும் பேசுகிறவர் தோட்டத்துக் கணக்கெழுதுகிற ரைட்டர் ஏசுதாசன். அன்றைக்கு அவர் லீவு. முதலாளி காத்திருக்கிற நிலையில் இல்லை.

"ஏம்மா, கண்ணு தெரியுதா இல்லையா ஒனக்கு? இம்புட்டுக் காயும் வெடிச்சுக் கெடக்கு, அங்கன கொடையப் பிடிச்சுக்கிட்டு வேடிக்கை பாத்தியா? ஒன்னிய நம்பி ஒரு காட்ட விட்டுட்டுப் போனா இதானா லட்சணம்? நாளையிலருந்து நீ வர வேணாம். நான் வேற ஆளு பாத்துக்கிறேன்."

கம்பத்துத் தமிழ் கோபத்தில் ஓடினால் மதுரைக்காரனே இரண்டு தடவை கேட்பான். ஓமனா சேச்சிக்கு வேலைத் தமிழ் தெரியும். வா, போ, எடு, பிஞ்சு வேண்டாம் என்பதோடு சரி. கோபம் தன்மேல்தான் என்பது அவருக்குப் புரிந்தது. எதற்கென்று புரியவில்லை. குடையை மடக்கினார். மடக்கிய குடையை விரித்தார். பிறகு முதலாளியைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்து, "ஆ, சார்" என்றார்.

பவுனு அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். அவளுக்கு அதை நன்றாகத் தெரியும். பதினோரு வருஷமாக அவள் முகத்தில் இருந்ததுதான் அது. அதை இன்னொரு முகத்தில் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. கூடவே, பொய் சொல்லக்கூடாது, ஒரு கவலையும் வந்தது. இந்தம்மாவை வேலையை விட்டு அனுப்பிவிட்டால் ஒரு வருஷப் படிப்பை யாரிடம் கொண்டுபோய்ச் செலவழிப்பது? பாதி எடுத்த காயை மடியிலிருந்து கூடையில் கொட்டிவிட்டு முன்னால் வந்தாள்.

"மொதலாளி, சேச்சிக்கு நீங்க சொல்றது வெளங்கல. நான் கேட்டுச் சொல்றேன்" என்றாள். திரும்பி, முதலாளி சொன்ன அத்தனையையும் மலையாளத்தில் ஓமனா சேச்சியிடம் சொன்னாள்.

சேச்சி முதலாளியை மறந்துவிட்டுப் பவுனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆடு வாய் திறந்து பேசியிருந்தால்கூட அந்தளவு அதிர்ந்திருக்க மாட்டார். பிறகு சுதாரித்துக்கொண்டு, எட்டு நாளாக ஜீப் வரவில்லை, மூன்றாம் நாளே ரைட்டரிடம் சொல்லியனுப்பினேன், ஒரு பதிலும் இல்லை என்று சின்னதாகச் சொன்னார்.

பவுனு முதலாளி பக்கம் திரும்பினாள். இடுப்பில் கை ஏறியது.

"சேச்சி சொல்றாக: எட்டு நாளா ஜீப்பு வரல. மூணாம் நாளே ஆளனுப்பிச் சொல்லியாச்சு. ஜீப்பு எங்கன போச்சுன்னு கேக்குறாக. காதுகுத்துக்குப் போச்சு. காயெடுக்குற கையி பன்னெண்டு சோடியையும் பந்தியில பரிமாற விட்டுட்டு, காயி ஏன் வெடிச்சுச்சுன்னு கேட்டா, ஒத்தப் பொம்பள மொத்தக் காட்டையும் கொடையால தட்டி எடுக்க முடியுமான்னு கேக்குறாக. காயிக்கு ஒங்க வீட்டு விசேசம் தெரியுமா, அது நாள் வந்தா வெடிக்கத்தான செய்யும்ங்கிறாக. இருவத்திரெண்டு வருசமா மழைன்னும் அட்டைக்கடின்னும் பாக்காம ஒங்க காட்டைக் காத்ததுக்கு, என்ன ஏதுன்னு ஒரு வார்த்த கேக்காம வெரட்டுறது நல்லாவா இருக்குன்னு கேக்குறாக."

முதலாளி கண்ணைச் சுருக்கினார். "அவக ரெண்டு வார்த்ததான பேசுனாக. நீ இம்புட்டு நேரம் பேசுற?"

"மலையாளம் சுருக்கமான பாசை மொதலாளி."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்து, சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்கள். முதலாளிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பவுனைத் திட்ட முடியாது, அவள் கேட்டுச் சொல்கிறவள். சேச்சியைத் திட்டினால் அது பவுனு வழியாகத்தான் போக வேண்டும். அவள் வழியாகவே பதிலும் வரும். வெடித்த காய் ஒன்றை எடுத்துக் கையில் உருட்டினார். அதுவும் சரிதான், நான் யோசிக்கவில்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "நாளைக்கு ரெண்டு ஜீப்பா அனுப்புறேன். வெரசா எடுத்து முடிங்க" என்றார். சேச்சியைப் பார்த்துத் தலையை ஒரு மாதிரி ஆட்டிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

ஓமனா சேச்சி கார் போகிற சத்தம் அடங்கும்வரை நின்றார். பிறகு பவுனிடம் மலையாளத்தில் கேட்டார். "நான் சொன்னதை அப்படியே சொன்னாயா?"

"சொன்னேன். கொஞ்சம் கூடவும் சொன்னேன்."

"கேட்டது. நீளம் தெரிந்தது" என்றார் சேச்சி. "எப்போதிலிருந்து உனக்குப் புரியும்?"

"பங்குனியிலிருந்து. செடிக்குத் தலை பின்னினேனே, அன்றைக்கு."

சேச்சியின் முகம் சிவந்தது. பங்குனியிலிருந்து தாம் பேசியதையெல்லாம் அவர் மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பது வெளியே தெரிந்தது. ஒரு நன்றி வரும், கையைப் பிடித்துக்கொள்வார் என்று மற்ற பெண்கள் எதிர்பார்த்தார்கள். சேச்சி குனிந்து பவுனின் கூடையில் கையை விட்டார். ஒரு பிடி காயை அள்ளி, அதிலிருந்து இரண்டு பிஞ்சைப் பொறுக்கி எடுத்து, அவள் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"பாஷை படித்த நேரத்துக்குக் காய் எடுக்கப் படித்திருக்கலாம்."

பவுனு தன் பதினான்கு வாக்கியங்களைத் தேடினாள். ஒன்றுகூட அகப்படவில்லை. அவள் தேடி முடிப்பதற்குள் வாய் தானாகத் திறந்துகொண்டது. "நீங்கள் புரிகிற மாதிரி சொல்லிக் கொடுத்திருந்தால் நான் ஏன் பாஷை படிக்கப் போகிறேன்?"

பிறகு நடந்ததை அந்தத் தோட்டத்தில் இன்றைக்கும் பேசுகிறார்கள். இரண்டு பிஞ்சில் ஆரம்பித்தது மழைக்குப் போனது, மழையிலிருந்து வேகத்துக்குப் போனது, அங்கிருந்து கர்ணனுக்குப் போனது. என் புருஷன் என்னைக் கொடுமைப்படுத்துகிறானா, ஒரு நாள் வந்து அவனைக் கேட்டுப் பாருங்கள், அவன் அழுதுவிடுவான் என்றாள் பவுனு. குரல் ஏற ஏற, தூரத்துப் பாத்தியில் இருந்தவர்கள்கூட எழுந்து நின்று பார்த்தார்கள். பவுனுக்கு உச்சி குளிர்ந்துபோனது. வாய் வலிக்கும் என்பதே அவளுக்கு மலைமேல் மறந்துபோயிருந்தது. ஓமனா சேச்சியின் கண்களும் பளபளவென்றிருந்தன. இத்தனை வருஷமும் சுவரோடு பந்தாடிய மாதிரி பேசிக்கொண்டிருந்தவருக்கு எதிரே ஒரு ஆள் கிடைத்துவிட்டாள்.

சாப்பாட்டு மணி அடித்தது. சேச்சி குடையை விரித்துக்கொண்டு நடந்தார். நாலு எட்டு வைத்தவர், திரும்பிப் பார்த்து ஒன்று சொன்னார். "நீ பேசாமல் இருந்தபோது உன்னை எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது தெரியுமா?"

பவுனு வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. சேச்சி போய்விட்டார்.

சாயங்காலம் ஜீப்பில் ஒரே கொண்டாட்டம். தேவயானி போனைப் பார்த்து, ஆறு நிமிஷம்தான் ஆயிற்று, இலக்கு பத்து என்று ஞாபகப்படுத்தினாள். தமிழ் ஒரு வார்த்தைகூட வரவில்லை, அதைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று இன்னொருத்தி வாதாடினாள். செயிச்சது யாரு என்று இம்மானுவேல் முன்னாலிருந்து கேட்டார். பவுனு எதிரே பள்ளத்தாக்கில் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏற்றப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சேச்சியின் கடைசி வார்த்தைக்குப் பதில் இல்லாமல் வந்துவிட்டோமே என்பது உள்ளுக்குள் குடைந்தது.

ஐந்தாவது வளைவில் ஜீப் சாய்ந்து திரும்பியபோது, அந்தப் பதில் வந்தது. அவள் தேடவில்லை. தமிழில் யோசித்து மாற்றிக்கொண்டதும் இல்லை. முழுசாக, சுத்தமான மலையாளத்தில், யாரோ காதில் சொன்னதுபோல வந்தது. பவுனு சத்தமாகவே சொல்லிவிட்டாள்.

தூங்கிக்கொண்டிருந்த மொக்கம்மாள் விழித்துக்கொண்டாள். "என்னத்தா சொன்ன?"

"சேச்சிக்குப் பதிலு."

"எங்களுக்கும் சொல்லேன்."

பவுனு கொஞ்சம் யோசித்தாள். தமிழில் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. இருந்தாலும் சொன்னாள். "நீங்க பேசுறது வெளங்காம இருந்தப்ப எனக்கு ஒங்களப் பிடிக்கவே இல்ல சேச்சின்னு சொல்லணும்."

ஜீப்பில் யாரும் சிரிக்கவில்லை. பவுனு வண்டியின் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, காலையில் சேச்சி குடையோடு எதிரே வரும்வரை மறந்துவிடக்கூடாதே என்று அந்த மலையாள வாக்கியத்தை மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு மலையிறங்கினாள்.